கூத்தும் கொற்றமும்: கேளிக்கையைக் கொண்டு ஒரு நாட்டை அடக்கி ஆள முடியுமா?

பாலக்கோட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்துக்கொண்டே, மூன்று ஆண்டுகளாக ஒரு நாவல் எழுதி வருகிறார். அதன் கையெழுத்துப் படியை என்னிடம் படிக்கக் கொடுத்திருந்தார். கதை நடப்பது பெயரில்லாத ஒரு நாட்டில். அங்கே அரசன் யாரையும் அடிப்பதில்லை. சிறைச்சாலைகள் பூட்டிக் கிடக்கின்றன. வீட்டுக்கு வீடு சுவரளவு திரை ஒன்றை அரசே பொருத்திக் கொடுத்திருக்கிறது. பொழுது விடிந்தது முதல் ஊர் அடங்கும் வரை அதில் ஆட்டமும் பாட்டும் போட்டியும் பரிசும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மக்களுக்கு உரிமை எதுவும் இல்லை. இல்லை என்பதும் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. தருமபுரிப் பேருந்து நிலையத்தின் அருகே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் என்னைக் கேட்டார்: “அண்ணா, இப்படி ஒரு அரசு நிஜமாவே நிலைச்சு நிக்குமா? படிக்கிறவங்க நம்புவாங்களா?”

பாதி நிற்கும் என்று அன்றைக்குச் சொன்னேன். எந்தப் பாதி நிற்கும், எந்தப் பாதி சரியும் என்பதை எடுத்துச் சொல்ல ஒரு தேநீர் நேரம் போதவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்த எண்ணம் தொலைக்காட்சியோடு பிறந்தது அன்று. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த லிடியா நாட்டைப் பற்றி இரண்டு கதைகள் சொல்கிறார். ஒன்று பரவலாகத் தெரிந்தது. பாரசீக மன்னன் சைரஸ் லிடியாவை வென்ற பிறகு அங்கே கலகம் மூண்டது, தோற்றுப்போன லிடிய மன்னன் குரோசஸே அவனிடம், ‘ஊரை அழிக்க வேண்டாம், ஆயுதத்தைப் பறித்துவிட்டு, பிள்ளைகளுக்கு யாழும் கடை வியாபாரமும் பழக்கிவிடுங்கள், அதற்குப் பிறகு அவர்களால் தொல்லை வராது’ என்னும் பொருளில் யோசனை சொன்னான். பதினாறாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரான லா போயெசி, மக்கள் தாமாகவே அடிமைப்படுவது ஏன் என்று ஆராய்ந்தபோது இந்தக் கதையைச் சான்றாக எடுத்துக்கொண்டார். கேளிக்கையால் ஆளலாம் என்னும் கருத்துக்கு வேர் இங்கே இருக்கிறது.

இரண்டாவது கதையை அவ்வளவாக யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதே லிடியாவில், அதற்கும் வெகு காலம் முன்பு, கொடிய பஞ்சம் வந்தது. பசியை மறக்க மக்கள் தாயமும் கழங்கும் பந்தும் கண்டுபிடித்தார்கள்; ஒரு நாள் முழுக்க உண்ணாமல் விளையாடுவது, மறுநாள் விளையாடாமல் உண்பது என்று முறை வைத்துக்கொண்டு 18 ஆண்டுகளைத் தள்ளினார்கள். பஞ்சம் தீரவில்லை. கடைசியில் மன்னன் குடிமக்களை இரண்டாகப் பிரித்துச் சீட்டுப் போட்டு, ஒரு பாதியைக் கப்பலேற்றி வேறு நாட்டுக்கு அனுப்பினான். இது நடந்ததா, கட்டிச் சொன்னதா என்பது வேறு விஷயம். அதில் உள்ள கணக்கு சரியானது. விளையாட்டு பசியைத் தள்ளிப்போடும், ஆற்றாது.

ரோமாபுரியைப் பற்றிப் பேசும்போதும் இதே கணக்கை மறந்துவிடுகிறோம். மக்களுக்கு ரொட்டியும் வேடிக்கையும் போதும் என்றாகிவிட்டதே என்று ஜுவெனல் என்னும் கவிஞர் வருந்திப் பாடிய வரி உலகப் புகழ் பெற்றது. அதில் ரொட்டி முதலில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அகஸ்டஸ் காலத்தில், கிமு 2ஆம் ஆண்டு வாக்கில், ரோம் நகரில் சுமார் 2 லட்சம் பேர் அரசிடமிருந்து இலவசத் தானியம் பெற்றுவந்தார்கள். அதற்காக எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்தாக வேண்டியிருந்தது. கிபி 80இல் கொலோசியத்தைத் திறந்துவைத்து 100 நாள் விளையாட்டு விழா நடத்த முடிந்ததென்றால், அதன் அடியில் அந்தக் கோதுமை இருந்தது. கோதுமை வராதபோது என்ன நேர்ந்தது என்பதற்கும் சான்று உண்டு. கிபி 51இல் நகரில் 15 நாளைக்குத்தான் தானியம் மிச்சம் என்னும் நிலை வந்தபோது, பொது மன்றத்தில் நின்ற பேரரசர் கிளாடியஸைக் கூட்டம் சூழ்ந்துகொண்டு வசைபாடிக் காய்ந்த ரொட்டித் துண்டுகளை வீசியது. படைவீரர்கள் மீட்டு அழைத்துச் செல்லும்படி ஆயிற்று. அந்த ஆண்டில் வேடிக்கைக்குக் குறைவிருந்ததாகத் தெரியவில்லை.

இருபதாம் நூற்றாண்டு நாவல்களில் கேளிக்கை அரசை மிகத் துல்லியமாகக் கட்டியவர் ஆல்டஸ் ஹக்ஸ்லி. 1932இல் வெளிவந்த ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவலில் மக்கள் ‘சோமா’ என்னும் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சிரித்த முகத்தோடு அடிமைகளாக இருக்கிறார்கள். 1949இல் வந்த ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் மக்கள் அச்சத்தில் வாழ்கிறார்கள். ஹக்ஸ்லி சொன்னது இன்பத்தால் ஆளும் அரசு, ஆர்வெல் சொன்னது துன்பத்தால் ஆளும் அரசு என்று எதிரெதிராக நிறுத்திப் பேசுவது வழக்கமாகிவிட்டது. இரண்டு நூல்களையும் பொறுமையாகப் படித்தவர்களுக்கு அந்தப் பிரிவினை அவ்வளவு எளிதில் பிடிபடாது.

ஹக்ஸ்லியின் உலகில் குழந்தைகள் குடுவையில் இருக்கும்போதே மேல் சாதி, கீழ் சாதி என்று வகுக்கப்படுகிறார்கள். உறக்கத்தில் ஓதி ஓதி அவரவர் நிலையை அவரவர் விரும்பும்படி செய்யப்படுகிறார்கள். கேளிக்கை அதற்குப் பிறகுதான் வருகிறது. அந்த இன்ப உலகம் அமைந்த வரலாற்றையும் ஹக்ஸ்லி ஓரிரு வரிகளில் சொல்லிச் செல்கிறார்: எளிய வாழ்க்கை வேண்டும் என்ற 800 பேர் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தப்பட்டார்கள், பண்பாடு வேண்டும் என்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கூடிய 2,000 பேர் நச்சு வாயுவால் கொல்லப்பட்டார்கள். மாத்திரையை ஒருவன் ஜன்னல் வழியே வீசும்போது கலவரம் வெடிக்கிறது. காவலர்கள் வந்து சோமா புகையைப் பீய்ச்சி அடக்குகிறார்கள். அதற்கும் அடங்காதவர்களுக்குத் தீவுகள் இருக்கின்றன. மறுபுறம், ஆர்வெல்லின் நாட்டில் 85 சதவீதமான எளிய மக்களை அரசு பெரும்பாலும் அடிப்பதே இல்லை. விளையாட்டுச் செய்தி, குற்றச் செய்தி, சோதிடம், இயந்திரம் கட்டிய காதல் பாட்டு, லாட்டரிச் சீட்டு ஆகியவற்றைக் கொடுத்து அப்படியே விட்டுவைக்கிறது. அவர்களுக்குள் ஆபத்தாக வளரக்கூடியவன் எவன் என்று பார்த்து அவனை மட்டும் அப்புறப்படுத்த உளவாளிகள் நடமாடுகிறார்கள். ஆக, கேளிக்கை அரசிலும் துப்பாக்கி உண்டு. துப்பாக்கி அரசிலும் கேளிக்கை உண்டு. பெரிய எழுத்தாளர்கள் இருவருமே தடியில்லாத அரசு ஒன்றை நம்பவில்லை. என் நண்பரின் நாவலில் முதலில் சரிகிற இடம் அந்தப் பூட்டிய சிறைச்சாலைதான்.

இனி, கேளிக்கையின் உள்ளேயே இருக்கிற ஒரு சிக்கல். வேடிக்கை பார்க்க ஆள் கூட வேண்டும். கூடிய ஆள் எதற்காகக் கூடினான் என்பதை மறந்துவிடக்கூடும். கிபி 532 ஜனவரியில் கான்ஸ்டான்டிநோபிள் நகரில் (இன்றைய இஸ்தான்புல்) நடந்ததைப் போல் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறில்லை. அங்கே தேர்ப் பந்தயம்தான் மக்களின் உயிர். நீலக் கட்சி, பச்சைக் கட்சி என்று நகரமே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. இரண்டும் ஒன்றையொன்று வெறுத்துக்கொண்டிருந்தவரை பேரரசர் ஜஸ்டினியனுக்குக் கவலை இருக்கவில்லை. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட தங்கள் ஆட்கள் இருவருக்கு மன்னிப்புக் கேட்டுப் பந்தயத் திடலில் இரு தரப்பும் ஒரே குரலில் முழங்கத் தொடங்கியபோது நகரம் பற்றி எரிந்தது. பந்தயக் குதிரைக்குக் கொடுக்கும் ‘வெல்க’ என்னும் முழக்கமே கலகத்தின் முழக்கமாயிற்று. வேறொருவருக்கு முடி சூட்டி, அதே திடலில் அரியணையில் அமர்த்தினார்கள். முடிவில் படை உள்ளே புகுந்து சுமார் 30,000 பேரைக் கொன்றது என்று அக்கால வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதியிருக்கிறார். மக்களை மறக்கவைக்கக் கட்டிய திடல், அவர்களுக்கு ஒன்றுசேரக் கற்றுக்கொடுத்துவிட்டது.

இதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்தவருக்குக் கான்ஸ்டான்டிநோபிள் வரை போக வேண்டியதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் திரௌபதியம்மன் கோயில் உள்ள ஊர்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து. கடைசி நாளில் வெட்டவெளியில் மண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம் நடத்தி, மாலையில் தீ மிதிப்பார்கள். சிறுவனாக இருந்தபோது அப்படியொரு இரவு என் பாட்டியின் மடியில் தலைவைத்துப் பார்த்தது நினைவிருக்கிறது. திரை பிடித்திருக்க, அதற்குப் பின்னால் புஜக்கட்டையின் கண்ணாடித் துண்டுகள் விளக்கு வெளிச்சத்தில் மின்னும். ராஜா வருமுன் கட்டியக்காரன் வருவான். ராஜாவின் பெருமையைச் சொல்ல வந்தவன், ஊரில் கிணறு வெட்டாமலே கிணறு வெட்டியதாகக் கணக்கெழுதிய சேதியைச் சொன்னான். பெயர் சொல்லவில்லை. ஆனால் கூட்டம் முழுவதும் ஒரே பக்கமாகத் திரும்பிப் பார்த்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். பகலில் யாரும் அவர் முகத்துக்கு நேரே வாய் திறக்க மாட்டார்கள். அந்தக் கூத்துக்குப் பெரிய தொகையாக நன்கொடை கொடுத்திருந்தவரும் அவரே என்று பிற்பாடு பாட்டி சொன்னாள்.

செலவு செய்கிறவன் சொல்லுக்குள் கலைஞன் முழுதாக அடங்குவதில்லை. அதை ஆட்சியாளர்கள் நன்றாக அறிவார்கள். ஆங்கில அரசு 1876இல் நாடக நிகழ்ச்சிகளைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. தமிழ் மேடையில் முருகன் வேடத்தில் வந்த விசுவநாத தாஸ் தேசபக்திப் பாட்டைப் பாடியதற்காகத் திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனார். 1940 டிசம்பர் 31 அன்று அந்த வேடத்திலேயே மேடையில் உயிர் துறந்தார். விடுதலைக்குப் பிறகும், 1954இல், சென்னை மாநிலத்தில் நாடகத்தைக் கட்டுப்படுத்தப் புதிய சட்டம் வந்தது. அதன் பின்னணியில் எம்.ஆர்.ராதாவின் நாடகங்கள் இருந்தன. கேளிக்கை அபினி என்பது முழு உண்மையானால் இந்தச் சட்டங்களுக்குத் தேவையே ஏற்பட்டிருக்காது.

கேளிக்கையைப் பறித்தால் மக்கள் என்ன செய்வார்கள் என்பதையும் எங்கள் மாவட்டங்கள் கண்டிருக்கின்றன. 2023 பிப்ரவரி 2 அன்று, ஓசூர் அருகே கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதால் திரண்டிருந்த இளைஞர்கள் பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் இறங்கினார்கள். பல மணி நேரம் போக்குவரத்து நின்றது. கல்வீச்சும் தடியடியும் நடந்தன. கல்வீச்சை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் வேலை இல்லை என்றோ விலைவாசி ஏறியது என்றோ அத்தனை பேர் அத்தனை விரைவில் அந்தச் சாலையில் இறங்கியதை நான் பார்த்ததில்லை. 2011 ஜனவரியில் எகிப்தில் இணையத்தைத் துண்டித்த முபாரக் அரசும், 2025 செப்டம்பரில் சமூக வலைத்தளங்களைத் தடைசெய்த நேபாள அரசும் இதே பாடத்தைப் பெரிய அளவில் கற்றன. நேபாளத்தில் சில நாட்களிலேயே பிரதமர் பதவி விலக நேர்ந்தது. அங்கெல்லாம் வேறு பல கோபங்களும் மண்டிக் கிடந்தன என்பது உண்மைதான். என்றாலும், கேளிக்கையைக் கொடுத்துப் பழக்கிய அரசு அதை ஒரு நாளும் நிறுத்த முடியாது. பிடி யார் கையில் இருக்கிறது என்பது அப்போது தெளிவாக இருப்பதில்லை.

இந்தியாவில் இந்த உத்தியை வெளிப்படையாகச் சோதித்துப் பார்த்த ஒரு மாலை உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில் அகில இந்திய வானொலியே அரசின் சொல்லுக்கு ஆடியது. அரசின் அழைப்பை மறுத்த கிஷோர் குமாரின் பாட்டு வானொலியிலிருந்து மறைந்தது. 1977இல் தேர்தல் அறிவிக்கப்பட்டு, பிப்ரவரி 2 அன்று ஜெகஜீவன் ராம் அமைச்சர் பதவியைத் துறந்தார். பிப்ரவரி 6 அன்று தில்லி ராம்லீலா மைதானத்தில் எதிர்க்கட்சிகளின் பெரிய கூட்டம். மக்களை வீட்டிலேயே இருத்திவைக்க, அன்று மாலை தூர்தர்ஷனில் நாடே கொண்டாடிய ‘பாபி’ இந்திப் படத்தைப் போட்டார்கள். அப்படியும் மைதானம் நிரம்பி வழிந்தது. பாபுஜி (ஜெகஜீவன் ராம்) பாபியை வென்றார் என்று மறுநாள் செய்தித்தாள் தலைப்பிட்டது. ஒரு திரைப்படத்துக்கு எதிரே வைக்கப்பட்டது கட்டாயக் கருத்தடையும் இடிக்கப்பட்ட வீடுகளும் என்னும்போது, திரைப்படம் வெல்வதற்கு வழியில்லை. தமிழ்நாட்டில் 2006க்குப் பிறகு அரசு வீடு வீடாக இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது. அது நலத்திட்டம், ஒடுக்குமுறை அன்று, ஒப்பிடவே கூடாது. ஆனாலும் பெட்டி வந்தால் வாக்கும் வரும் என்று நம்பியவர்கள், அந்த ஆட்சி தோற்ற 2011 தேர்தல் முடிவைப் பார்த்திருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. கேளிக்கை ஆட்சிக்கு உதவவே உதவாது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். இதற்கு நான் அறிந்த வலுவான சான்று கிழக்கு ஜெர்மனி. அந்நாட்டின் பெரும்பகுதியில் மேற்கு ஜெர்மனியின் தொலைக்காட்சி தெரிந்தது. டிரெஸ்டன் நகரைச் சுற்றிய பள்ளத்தாக்கில் அலைவரிசை எட்டவில்லை. ‘விவரம் அறியாதவர்களின் பள்ளத்தாக்கு’ என்று அதைக் கேலி பேசினார்கள். எதிரி நாட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்தவர்கள்தானே தங்கள் அரசை அதிகம் வெறுத்திருக்க வேண்டும்? ஹோல்கர் கெர்ன், யென்ஸ் ஹெய்ன்முல்லர் என்னும் இரண்டு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறான முடிவைக் கண்டது: மேற்குத் தொலைக்காட்சி பார்க்க முடிந்தவர்கள் தங்கள் வாழ்க்கையிலும் ஆட்சியிலும் கூடுதல் நிறைவோடு இருந்தார்கள், நாட்டை விட்டு வெளியேற அனுமதி கேட்டு விண்ணப்பித்தவர்கள் டிரெஸ்டன் பக்கத்தில்தான் அதிகம். மாலையில் சிரிக்கவும் அழவும் ஏதோ ஒன்று இருந்தவர்களுக்கு அந்த ஆட்சி சகித்துக்கொள்ளக் கூடியதாக இருந்தது. இதை அறிந்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையை ஒதுக்கிவிட்டு வாதம் செய்வதில் பொருளில்லை. அதே நாட்டில் 1989இல் உளவுத் துறையில் மட்டும் முழுநேர ஊழியர்கள் சுமார் 91,000 பேர் இருந்தார்கள் என்பதையும், அந்த ஆண்டிலேயே சுவர் திறந்துகொண்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அப்படியானால் கேளிக்கை யாரிடம் வேலை செய்கிறது? என் கருத்தில் இந்தப் பொருளின் மையம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கொடுங்கோல் ஆட்சியில் எல்லாரும் ஒரே அளவு அடிபடுவதில்லை. ஒரு சிலர் அடிக்கிறார்கள், ஒரு சிலர் அடிபடுகிறார்கள், மிகப் பெரும்பாலோர் இரண்டுமில்லாமல் நடுவில் இருக்கிறார்கள். அடிபடுகிறவனுக்குத் திரையில் எது ஓடினாலும் வலி குறையாது. அந்த நடுவிலுள்ளவர்கள் திரும்பிப் பார்க்காமல் இருக்க வேண்டும். கேளிக்கை அவர்களுக்காக நடத்தப்படுகிறது.

1978 ஜூனில் அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி உலகக் கோப்பைக் கால்பந்தை நடத்தியது. தலைநகரில் இறுதி ஆட்டம் நடந்த திடலிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லும்படி, கடற்படையின் பயிற்சிப் பள்ளி ஒன்று சித்திரவதைக் கூடமாக இயங்கிக்கொண்டிருந்தது. திடலின் ஆரவாரம் உள்ளே அடைபட்டவர்களுக்குக் கேட்டது. ஜூன் 25 அன்று அர்ஜென்டினா 3-1 என்று வென்றது. அன்றிரவு காவலர்கள் கைதிகள் சிலரைக் காரில் ஏற்றி ஊர்க் கொண்டாட்டத்தைப் பார்க்க அழைத்துப் போனார்கள். உங்களைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள் பாருங்கள் என்று காட்டுவதற்காக. நான் காணாமற்போனவள் என்று கத்தினாலும் அந்தத் தெருவில் ஒருவர் காதிலும் ஏறாது என்று தமக்குத் தோன்றியதாக, தப்பிப் பிழைத்த ஒரு பெண் பின்னாளில் சொன்னார். தெருவில் ஆடிப்பாடியவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களுக்கு அது உண்மையான மகிழ்ச்சி. இதுதான் நெஞ்சை அறுப்பது. ஆயினும், பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு வியாழக்கிழமைதோறும் மே சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். கால்பந்து பார்க்க வந்த வெளிநாட்டுச் செய்தியாளர்களே அவர்களை உலகுக்குக் காட்டினார்கள். 1983இல் ஆட்சி ஒழிந்தது.

தருமபுரியில் இருந்துகொண்டு இதை எழுதும்போது வாச்சாத்தியைக் கடந்து போக முடியாது. அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடியினரின் ஊர். 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி, வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறையைச் சேர்ந்த 269 பேர் அங்கே புகுந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமை மாலையென்றால் தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீட்டில் தெருவே கூடிப் பாட்டுப் பார்க்கும். ஜூன் 20 ஒரு சனிக்கிழமை. முந்தின மாலை பாட்டுப் பார்த்த எங்களுக்கு, மறுநாள் அடிவாரத்தில் நடந்தது எட்டவில்லை. நடக்கவே இல்லை என்று அதிகார வட்டாரம் சாதித்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் போராடி, வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்குப் போய், 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றானது. உயர் நீதிமன்றம் அதை 2023இல் உறுதிசெய்தது. அங்கே யாரும் கேளிக்கையால் ஆளவில்லை. தடியாலும் பொய்யாலும்தான் ஆண்டார்கள். நான் சொல்ல வருவது வேறு. சுற்றியிருந்த ஊர்கள் தம் பாட்டில் இருந்தன. தம் பாட்டில் இருக்கும் ஊர்கள் இருக்கிற வரை, ஓர் ஊரை மட்டும் நசுக்குவது எளிது.

எங்கள் தண்ணீரும் எனக்கு ஒன்று கற்றுக்கொடுத்தது. இந்த இரண்டு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. சிறு வயதிலேயே பல்லில் பழுப்புக் கறை விழும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் மூட்டு இறுகும், முதுகு வளையும். ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்தக் கறையை நாங்கள் நோயென்று நினைக்கவே இல்லை. எங்கள் பக்கத்துப் பல் இப்படித்தான் என்று இருந்துவிட்டோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் செயலுக்கு வந்தது. அதே ஊர்களில் குழாயில் மூன்று நாள் தண்ணீர் வராவிட்டால், பெண்கள் காலிக் குடங்களோடு சாலையில் உட்கார்ந்துவிடுவார்கள்; அந்த நேரத்தில் எந்தத் தொடர் ஓடுகிறது என்பது யாருக்கும் நினைவிராது. திடீரென்று வரும் தீங்குக்கு ஊர் எழுகிறது. மெல்ல மெல்ல எலும்பில் ஏறும் தீங்குக்கு எழுவதில்லை. கேளிக்கையால் ஆள நினைக்கும் அரசு இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும்: உரிமையை ஒரே நாளில் பறிக்கக் கூடாது; பல்லில் கறை ஏறுவதுபோல் ஏறவிட வேண்டும்.

ஆள்பவனையும் கேளிக்கை விட்டுவைப்பதில்லை. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் ஆடல் மகளிரின் ஆட்டத்திலும் பாட்டிலும் மனம் பறிகொடுத்திருக்கிறான். அதைக் கண்டு ஊடிய அரசி தலைவலி என்று சொல்லிப் போய்விடுகிறாள். அவளைத் தேற்றப் போகிற அவசரத்தில்தான் பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் கோவலன் உயிரைப் பறிக்கும் ஆணை பிறக்கிறது. குடிகளைத் திரைமுன் உட்காரவைக்கும் அரசன் தானும் அதே திரையைப் பார்க்கிறான். எந்தச் செய்தி மெய், எந்தக் கூக்குரல் உண்மையானது என்று பிரித்தறியும் திறன் அவனிடமும் மங்குகிறது. என் நண்பரின் நாவலில் அரசன் திரைக்கு வெளியே நிற்கும் அறிவாளியாக வருகிறான். அப்படி ஒருவன் இரண்டு தலைமுறைக்கு இருப்பான் என்று நம்புவது கடினம்.

கைப்பேசி வந்த பிறகு இவையெல்லாம் மாறிவிட்டன என்று சிலர் சொல்கிறார்கள். ஓரளவு மாறித்தான் இருக்கின்றன. கூத்துக்கு ஊர் கூட வேண்டும், கைப்பேசிக்கு வேண்டியதில்லை. ஒரே திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து நாலு வேறு காட்சிகளைப் பார்க்கும்போது, கட்டியக்காரன் பேச்சுக்குக் கூட்டமே ஒருபக்கம் திரும்பிப் பார்த்ததே, அந்தத் திரும்பல் நிகழ வழியில்லை. யார் எதைப் பார்த்துச் சிரித்தான் என்பதும் பதிவாகிறது. புனைகதையில் வரும் அரசுக்கு இதைவிட நல்ல கருவி கிடைக்காது. சுவரளவு திரையைவிட உள்ளங்கையளவு திரையே கொடியது என்று நண்பரிடம் சொன்னேன். ஆனால் அதே கைப்பேசி வழியாகத்தான் 2017 ஜனவரியில் மெரினாவில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள் என்பதால், இதிலும் முடிவான சொல் சொல்ல நான் தயங்குகிறேன்.

நண்பர் கையெழுத்துப் படியைத் திருத்திக்கொண்டிருக்கிறார். அந்த நாட்டில் நெல் விளைவிப்பது யார், பழுதான திரையைச் சரிசெய்பவனுக்கு என்ன கூலி, திரை பொருத்தப்படாத ஊர் எது என்று சில கேள்விகளை எழுதிக் கொடுத்திருந்தேன். போன வாரம் புதிதாக எழுதிய ஓர் அத்தியாயத்தைக் கொண்டுவந்து காட்டினார். மலையிலிருந்து ஒருவர் சந்தைக்கு இறங்கி வருகிறார். முந்தின இரவு தம் ஊரில் நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும். தேநீர்க் கடையில் எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நிகழ்ச்சி முடியட்டும் என்று ஓரமாகக் காத்து நிற்கிறார். அது முடிவதாக இல்லை. கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பெண் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்து, “எந்த ஊருங்கண்ணா?” என்று கேட்கிறாள். இனிமேல்தான் மற்றதை எழுத வேண்டும் என்றார்.